ஆச்சியோட கூனும் அம்மாவோட மணிக்கட்டும் - எலும்புப்புரையின் கதை

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல. இன்னைக்கு மொக்கை கிடையாது மக்களே, கொஞ்சம் சீரியஸான மேட்டர். அதுவும் சரித்திரம். தூக்கம் வர்றவங்க இப்பவே எஸ்கேப் ஆயிக்கலாம்.

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் டாக்டர் கிடையாது. சிவில் இஞ்சினியரிங் படிச்சிட்டு சென்னையில பொட்டி தட்டிக்கிட்டிருக்கிற பல்லாயிரம் பேர்ல ஒருத்தன். பாலம் கட்டப் போறேன்னு படிச்சவன், இப்ப அடுத்தவன் எழுதின கோடுல பக் தேடிக்கிட்டிருக்கேன். இந்தக் கதைக்குள்ள நான் வந்ததும் ஒரு பக் வழியாத்தான்.

ஊர்ல அம்மா காலையில கோலம் போட்டுட்டு எந்திரிக்கும்போது வாசப்படியில கால் இடறி விழுந்துட்டாங்க. ஒரு அடி உயரம்கூட இருக்காது. கையை ஊன்றினதுல வலது மணிக்கட்டு போயிடுச்சு. பக்கத்து வீட்டு மாமா புத்தூர் கட்டுக்குப் போலாம்னார், அப்பா கேக்காம ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். எக்ஸ்ரே எடுத்தாங்க, மாவுக்கட்டு போட்டாங்க, ஆறு வாரம் கழிச்சு வாங்கன்னாங்க. அம்மாவுக்கு வயசு 56. நின்ன இடத்துல விழுந்ததுக்கு எலும்பு ஏன் உடையணும்னு அங்க ஒருத்தரும் கேக்கல. லாக்ல ஒரு எரர் வந்தா ரூட் காஸ் என்னன்னு நாலு மீட்டிங் போடுற நானும் கேக்கல.

கட்டுப் பிரிச்சப்புறம் கைக்குப் பயிற்சி குடுக்க வந்த பிசியோதெரபி அக்காதான் கேட்டாங்க: "உங்கம்மாவைப் பெத்தவங்களுக்குக் கூன் இருந்துச்சா தம்பி?"

கொசுவத்தியைச் சுத்த விடுறேன், கொஞ்சம் பொறுத்துக்குங்க.

ஆச்சியைத் தெருவுல எல்லாரும் கூனாச்சின்னுதான் சொல்வாங்க. கல்யாண போட்டோவுல தாத்தாவோட தோளுக்கு மேல நிக்கிறாங்க. எனக்கு விவரம் தெரிஞ்சப்போ சமையக்கட்டு அலமாரியோட மேல்தட்டு எட்டாது, என்னைத்தான் ஏத்தி விடுவாங்க. முதுகு வலிக்குதுன்னா தைலம், கூன் விழுதுன்னா வயசு. 2010-ல, நான் எட்டாப்பு படிக்கும்போது, குளிக்கிற இடத்துல வழுக்கி இடுப்புகிட்ட தொடை எலும்பு முறிஞ்சது. இந்த வயசுல ஆபரேஷன் எதுக்குன்னு சொந்தக்காரங்க கூடிப் பேசி முடிவெடுத்தாங்க. எட்டு மாசம் படுக்கை. துஷ்டி வீட்டுல வந்தவங்க எல்லாரும் ஒரே வார்த்தை: "வயசாச்சுல்லா." ஆச்சிக்கு 71 வயசு. அவங்க அக்கா 88 வரைக்கும் இருந்தாங்க.

அந்த "வயசாச்சுல்லா" எங்கிருந்து வந்துச்சுன்னு தோண்டினேன். நம்ம ஊர்ல மட்டும் சொன்னதில்லை. உலகத்துல பெரிய பெரிய சர்ஜன்களே நூறு வருஷத்துக்கு மேல அதைத்தான் சொல்லிட்டிருந்திருக்காங்க.

அம்மாவுக்கு வந்த மணிக்கட்டு முறிவுக்கு கோலிஸ் முறிவுன்னு பேர். டப்ளின்ல இருந்த ஆப்ரகாம் கோலிஸ்னு ஒரு சர்ஜன் 1814-ல எழுதினது. எக்ஸ்ரே வர்றதுக்கு 81 வருஷம் முன்னாடி! சுளுக்கு, மூட்டு நழுவல்னு மத்தவங்க இழுத்து விட்டுக்கிட்டிருந்ததை, கையால தடவிப் பார்த்தே இது முறிவுய்யான்னு சொன்ன மனுஷன். எட்டு வருஷம் கழிச்சு, 1822-ல, லண்டன்ல ஆஸ்ட்லி கூப்பர் முறிவுகளைப் பத்தி ஒரு பெரிய புத்தகம் போடுறார். நாலாம் ஜார்ஜ் ராஜாவோட தலையில இருந்த கட்டியை வெட்டி எடுத்து பட்டம் வாங்கின அதே கூப்பர். தொடை எலும்போட கழுத்து முறியறது வயசானவங்களுக்குத்தான் வருது, ஆம்பளைகளை விடப் பொம்பளைகளுக்கு அதிகம், வயசான எலும்போட ஓடு மெலிஞ்சு உள்ள பஞ்சு மாதிரி ஆயிடுதுன்னு அதுல எழுதியிருக்கார். ஆச்சியோட கேஸ் ஷீட் இருநூறு வருஷம் முன்னாடியே ரெடி. ஆனா அவருக்கும் இது நரை மாதிரி, பல் விழறது மாதிரி. நோய்னு தோணல.

பேர் வெச்சது ஃபிரான்ஸ் பக்கம் ஸ்ட்ராஸ்பர்க்ல இருந்த ழான் லோப்ஸ்டைன், 1830-ஐ ஒட்டி. கிரேக்கத்துல எலும்பு, துளை ரெண்டையும் சேர்த்து ஆஸ்டியோபோரோசிஸ். தமிழ்ல எலும்புப்புரை. எனக்கென்னவோ தமிழ்ப் பேர்தான் இன்னும் பொருத்தமாப் படுது. வெளியில முழுசாத் தெரியும், உள்ள புரையோடிப் போயிருக்கும். ஆனா நாம யாரு இந்த வார்த்தையைச் சொல்றோம்? "எலும்புத் தேய்மானம்"னு ஒரே கல்லுல மூட்டு வலியையும் இதையும் சேர்த்து அடிச்சிடுறோம். முழங்கால் மூட்டுல குருத்தெலும்பு தேயறது வேற வியாதி, அது வலிக்கும், டாக்டர்கிட்ட ஓட வைக்கும். எலும்புப்புரை உடையற வரைக்கும் வாயே திறக்காது. ரெண்டுக்கும் ஒரே பேர் இருந்தா, வலி இல்லாதவங்க தனக்குத் தேய்மானம் இல்லைன்னு நினைச்சுக்குவாங்க. எங்கம்மா அப்படித்தான் நினைச்சாங்க.

அடுத்த சீன் ஜூரிச், 1866. இது எங்காளு வர்ற சீன், கொஞ்சம் விசில் அடிச்சுக்கறேன். ஹெர்மன் வான் மேயர்னு ஒரு உடற்கூறியல் பேராசிரியர். தொடை எலும்பை நெடுக்குவாட்டுல அறுத்து வெச்சு, உள்ள இருக்கிற மெல்லிய எலும்பு இழைகள் எந்தெந்தத் திசையில ஓடுதுன்னு படம் வரைஞ்சு வெச்சிருந்தார். அதைப் பார்த்தவர் கார்ல் கல்மன். டிரஸ்ஸுல எந்தக் கம்பியில எவ்வளவு விசைன்னு கணக்குப் போடாம கோடு போட்டே கண்டுபிடிக்கிற முறையை வளர்த்தெடுத்த இஞ்சினியர். பார்த்ததுமே, "இது நம்ம கிரேன் ஆச்சே!"ங்கிற ரேஞ்சுக்குக் குதிச்சுட்டார். கொக்கி மாதிரி வளைஞ்ச கிரேன்ல எந்தக் கோடுகள் வழியா அமுக்கமும் இழுவையும் ஓடுமோ, அதே கோடுகள் எலும்புக்குள்ள இழையா ஓடுது.

(இந்தக் கல்மனோட மாணவர் மொரீஸ் கோஷ்லன்தான் பின்னாடி ஈபிள் கோபுரத்தோட கட்டமைப்பை வடிவமைச்சவர். உடனே ஈபிள் கோபுரமே தொடை எலும்பைப் பார்த்துக் கட்டினதுன்னு வாட்ஸப்ல ஒரு கதை ஓடும். அது ரீல். ஃபார்வர்ட் பண்ணாதீங்க.)

இதை எடுத்துக்கிட்டு பெர்லின்ல ஜூலியஸ் வோல்ஃப் இருபது வருஷத்துக்கு மேல வேலை பார்த்து 1892-ல ஒரு புத்தகமாவே போட்டார்: எலும்புல பாரம் எப்படி விழுதோ, அதுக்குத் தகுந்த மாதிரி எலும்பு தன்னையே மாத்திக் கட்டிக்கும். வோல்ஃப் விதின்னு இன்னைக்கும் சொல்றாங்க. காலேஜ்ல நாங்க டிசைன் பண்ணின தூணெல்லாம் கட்டினா கட்டினதுதான். எலும்பு, குடியிருந்துகிட்டே தினமும் இடிச்சுக் கட்டிக்கிட்டிருக்கிற வீடு. இடிக்கிறதுக்கு ஒரு வகை செல், ஆஸ்டியோகிளாஸ்ட். கொத்தனார் வேலைக்கு இன்னொரு வகை, ஆஸ்டியோபிளாஸ்ட். வருஷத்துக்குப் பத்துல ஒரு பங்கு எலும்பு புதுசாகுது. பாரம் இருந்தா கொத்தனார் சுறுசுறுப்பா இருப்பார். பாரம் போச்சுன்னா இடிக்கிறவர் கை ஓங்கும். விண்வெளி நிலையத்துல மிதக்கிறவங்களுக்கு இடுப்புப் பக்கம் மாசத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல எலும்பு குறையுதுன்னு அளந்திருக்காங்க. அதைப் படிச்சப்போ எனக்கு ராக்கெட் ஞாபகம் வரல, ஆச்சியோட கட்டில்தான் ஞாபகம் வந்துச்சு. எட்டு மாசம்.

1885-ல ஆஸ்திரியாவுல குஸ்டாவ் பொம்மர் மைக்ராஸ்கோப் வெச்சு இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துட்டார். எலும்பு மிருதுவாகிற நோய்ல கலவையே கெட்டுப்போகுது, சிமெண்ட் கம்மி. புரையில கலவை சரியாத்தான் இருக்கு, தூண்தான் மெலிசு. ஆனா அந்த மெலிசை உயிரோட இருக்கிற ஆளுக்குள்ள எப்படிப் பார்க்கிறது? 1895-ல ரான்ட்ஜென் எக்ஸ்ரே கண்டுபிடிச்சதும் பிரச்சினை முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் நினைச்சிருப்பாங்க. முடியல. சாதாரண எக்ஸ்ரே படத்துல எலும்பு வெளிறித் தெரியறதுக்கே முப்பது சதவீதம் போல இழந்திருக்கணும். அம்மாவோட படத்துல முறிவு மட்டும்தான் தெரிஞ்சுது. மத்தது தெரியறதுக்கு அது தோதான கருவி இல்லை.

இப்ப வர்றவர்தான் இந்தக் கதையோட ஹீரோ. ஃபுல்லர் ஆல்பிரைட். பாஸ்டன்ல மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி. நோயாளி சாப்பிடறது, வெளியேத்தறது எல்லாத்தையும் நிறுத்து, கால்சியம் எவ்வளவு உள்ள போச்சு, எவ்வளவு வெளிய வந்துச்சுன்னு கணக்குப் பார்க்கிற ஆள். நம்ம ஊர் மளிகைக்கடை அண்ணாச்சி பேரேடு மாதிரி. அவரோட சகாக்கள் பட்ரீஷியா ஸ்மித், அன்னா ரிச்சர்ட்சன் ரெண்டு பேரோட சேர்ந்து 1941-ல ஒரு கட்டுரை போட்டார். 65 வயசுக்குள்ள எலும்புப்புரை வந்த 42 பேர். அதுல 40 பேர் மாதவிடாய் நின்ன பெண்கள்.

இந்த 42-ல 40-ஐத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தேன். பெரிய புள்ளியியல் எதுவும் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. எண்ணினா தெரியுது. வயசுதான் காரணம்னா ஆம்பளைக்கும் வயசாகுதே? கூப்பர் காலத்துலயே பெண்களுக்கு அதிகம்னு எழுதி வெச்சிருந்தாங்க. நடுவுல 119 வருஷம் யாரும் ஏன்னு கேக்கல, கிழவிகளோட எலும்பு யாருக்கு வேணும்னு விட்டுட்டாங்க. இது என் சொந்தக் கடுப்பு, சரித்திரம் இல்லை.

ஆல்பிரைட்டுக்கு துப்பு குடுத்தது புறா. முட்டை போடுறதுக்கு முன்னாடி பெண்புறா தன் எலும்புக்குள்ள கால்சியத்தைச் சேர்த்து வெச்சு, அதை எடுத்துத்தான் ஓடு செய்யும். ஈஸ்ட்ரோஜன் குடுத்தா புறாவோட எலும்பு நிரம்புதுன்னு 1930-கள்ல கண்டுபிடிச்சிருந்தாங்க. அப்ப பெண்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் நிக்கிறதுதானே காரணமா இருக்கணும்? குடுத்துப் பார்த்தார், சிறுநீர்ல வெளியேறுற கால்சியம் குறைஞ்சுது. கொத்தனார் சோம்பேறி ஆயிட்டதுதான் காரணம்னு அவர் சொன்ன விளக்கம் பாதி தப்பு. ஈஸ்ட்ரோஜன் போனா இடிக்கிற கோஷ்டிக்கு மேஸ்திரி இல்லாம போயிடுதுங்கிறதுதான் முக்கியமான காரணம்னு பின்னாடி தெரிஞ்சுது. ஆனா "வயசாச்சு"ங்கிற கதவை முதல்ல உடைச்சவர் அவர்தான். அவருக்கு சின்ன வயசுலேயே பார்க்கின்சன் நோய். 1956-ல அதுக்காக மூளையில செஞ்சுகிட்ட சிகிச்சையில ரத்தக்கசிவு ஆகி, 1969-ல சாகிற வரைக்கும் 13 வருஷம் நினைவு திரும்பாம ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். படிச்சிட்டு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

வயசு மட்டும் இல்லைங்கிறதுக்கு இன்னொரு சாட்சியும் இருக்கு, லண்டன்ல. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ்ங்கிற இடத்துல ஒரு தேவாலயத்தைப் பழுது பார்க்கும்போது, 1729-லேர்ந்து 1852 வரைக்கும் அதோட நிலவறையில அடக்கம் பண்ணினவங்களோட எலும்புகளை வெளிய எடுத்தாங்க. பட்டு நெசவு நடந்த பகுதி. அந்தப் பெண்களோட தொடை எலும்பை இன்னைய மெஷின்ல வெச்சு அளந்து 1993-ல லான்செட்ல எழுதினாங்க. இருநூறு வருஷம் முன்னாடி செத்துப்போன பெண்களுக்கு வயசாக ஆக எலும்பு குறைஞ்ச வேகம், இன்னைய பெண்களை விடக் கம்மி! உடம்பு உழைப்பு காரணமா இருக்கலாம்னு அவங்க யோசிச்சாங்க. வோல்ஃப் கல்லறையில புன்னகைச்சிருப்பார்.

சரி, அந்த "இன்னைய மெஷின்" எப்படி வந்துச்சு? 1963-ல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல ஜான் கேமரான், ஜேம்ஸ் சோரன்சன்னு ரெண்டு பேர். டாக்டர்கள் இல்லை, இயற்பியல் ஆட்கள். அயோடின்-125-லேர்ந்து வர்ற கதிரை முன்கையில ஒரு பக்கம் விட்டு, மறுபக்கம் எவ்வளவு வருதுன்னு எண்ணினா, நடுவுல எவ்வளவு எலும்பு இருக்குன்னு கணக்கு வந்துடும். படம் பார்த்துக் குத்துமதிப்பா சொல்றது போய் நம்பர் வந்தது அப்பத்தான். அதுவே வளர்ந்து, ரெண்டு விதமான எக்ஸ்ரே சக்தியை வெச்சு முதுகெலும்பையும் இடுப்பையும் அளக்கிற டெக்ஸா மெஷினா 1987-ல சந்தைக்கு வந்துச்சு. சட்டையைக் கூடக் கழட்ட வேண்டாம், பத்து நிமிஷம் படுத்தா போதும். கதிர்வீச்சும் ரொம்ப ரொம்பக் கம்மி.

நம்பர் வந்துட்டா அடுத்து என்ன வரும்? த்ரெஷோல்ட்! கோடு எழுதறவங்களுக்குத் தெரியும், இங்கதான் சண்டை ஆரம்பிக்கும். 1992-ல ரோம் நகரத்துல உலக சுகாதார நிறுவனம் கூட்டின குழு, ஜான் கேனிஸ் தலைமையில. 1994-ல அறிக்கை. ஆரோக்கியமான இளம்பெண்ணோட சராசரி எலும்பு அடர்த்தியை எடுத்துக்க, அதுக்குக் கீழ 2.5 திட்ட விலக்கம் போனா எலும்புப்புரை. அதுதான் டி-ஸ்கோர் மைனஸ் 2.5. மைனஸ் ஒண்ணுக்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவுல இருந்தா ஆஸ்டியோபீனியா.

ஏன் 2.5? ரெண்டு வெச்சா ரொம்பப் பேர் மாட்டுறாங்க, மூணு வெச்சா ரொம்பப் பேர் தப்பிச்சிடறாங்க. 2.5-ல மாதவிடாய் நின்ன வெள்ளைக்காரப் பெண்கள்ல முப்பது சதவீதம் வர்றாங்க, அது அவங்க ஆயுசுல முறிவு வர்ற வாய்ப்போட ஓரளவு பொருந்துது. ஒரு நாட்டுல எத்தனை பேருக்கு இருக்குன்னு எண்ணுறதுக்காகப் போட்ட கோடு. யாருக்கு மாத்திரை குடுக்கணும்னு சொல்றதுக்கு இல்லை. ஆனா ஹார்ட்கோடு பண்ணின கான்ஸ்டன்ட் ஒருதடவை புரொடக்‌ஷனுக்குப் போயிட்டா அப்புறம் யார் மாத்துறது? உலகம் முழுக்க அதே கோடுதான்.

மருந்து வந்த கதை இன்னும் சுவாரசியம். உங்க வீட்டு வாட்டர் ஹீட்டர் காயில்ல போர் தண்ணி உப்பு வெள்ளையா ஒட்டிக்குதில்லையா? அது படியாம இருக்க தண்ணியில பாஸ்பேட் சேர்க்கிறது பழைய தொழிற்சாலை டெக்னிக். சுவிட்சர்லாந்துல டாவோஸ்ல இருந்த ஹெர்பர்ட் ஃப்ளைஷ், நம்ம உடம்புலயும் அதே வேலையைச் செய்யற பைரோபாஸ்பேட் இருக்குன்னு கண்டுபிடிச்சார். ஆனா அதை முழுங்கினா குடல்லயே உடைஞ்சுடும். உடையாத மாதிரி, நடுவுல இருக்கிற ஆக்சிஜனைத் தூக்கிட்டு கார்பனைப் போட்ட பொருள் ஒண்ணு ஏற்கெனவே ரசாயன அலமாரியில தூங்கிட்டிருந்துச்சு. சோப்புத்தூள் கம்பெனி ஆராய்ச்சிக்காரர் மரியன் ஃபிரான்சிஸ், கிரஹாம் ரஸ்ஸல் இவங்களோட சேர்ந்து 1969-ல ஃப்ளைஷ் கட்டுரை போட்டார்: இது எலும்போட ஒட்டிக்கிட்டு, கரையறதைத் தடுக்குது. ஆல்பிரைட் செத்த அதே வருஷம். இந்தக் குடும்பத்துல வந்த அலெண்ட்ரோனேட் 1995-ல அமெரிக்காவுல எலும்புப்புரைக்கு அனுமதி வாங்கிச்சு. 1996-ல வந்த பெரிய சோதனையில, ஏற்கெனவே முதுகெலும்பு நசுங்கின 2,027 பெண்கள், மூணு வருஷம். இடுப்பு முறிவு, போலி மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 2.2 சதவீதம், நிஜ மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 1.1.

பாதியாச்சுன்னும் சொல்லலாம், நூத்துக்கு ஒருத்தர்தான் தப்பிச்சார்னும் சொல்லலாம். ரெண்டும் உண்மை. மார்க்கெட்டிங்காரங்க முதலாவதைத்தான் சொன்னாங்க. மருந்து தயாரிச்ச மெர்க் கம்பெனி அதே 1995-ல எலும்பு அளக்கிற மெஷின்களைப் பரப்பறதுக்குன்னே ஒரு அமைப்பு தொடங்கினாங்க. ஆஸ்டியோபீனியான்னு ஒரு வரி ரிப்போர்ட்ல பார்த்ததும் ஐம்பது வயசு அம்மணிகள் எல்லாம் பயந்து மாத்திரை வாங்கினாங்க. இதுக்கு நடுவுல, ஆல்பிரைட் காட்டின ஈஸ்ட்ரோஜன் வழியும் அடி வாங்கிச்சு. 16,608 பெண்களை வெச்சு நடந்த ஆய்வு ஒண்ணை 2002 ஜூலையில பாதியில நிறுத்தினாங்க. ஈஸ்ட்ரோஜனோட புரோஜெஸ்டினும் சேர்ந்த அந்த மாத்திரை இடுப்பு முறிவை மூணுல ஒரு பங்கு குறைச்சுது, ஆனா மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் கூடிச்சு.

அப்புறம் ஊசல் எதிர்ப்பக்கம் போச்சு. 2003-ல மயாமி டாக்டர் ஒருத்தர் தாடை எலும்பு அழுகின 36 பேரைப் பத்தி எழுதினார். பெரும்பாலும் புற்றுநோய்க்காக ரொம்ப அதிக அளவுல ஊசியா ஏத்திக்கிட்டவங்க. 2005-லேர்ந்து, பல வருஷம் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு தொடை எலும்பு நடுவுல விநோதமா முறியறதும் தெரிய வந்துச்சு. ரெண்டும் அபூர்வம். ஆனா டிவி விடுமா? 2008-லேர்ந்து 2012-க்குள்ள அமெரிக்காவுல இந்த மாத்திரையோட உபயோகம் பாதிக்கும் கீழ போயிடுச்சு. அவசியமே இல்லாதவங்க சாப்பிட்டு, அவசியமானவங்க பயந்து விட்டுட்டாங்க. இடுப்பு முறிஞ்சவங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தர் ஒரு வருஷத்துக்குள்ள போயிடறாங்கங்கிறது எந்த பரபரப்புச் செய்தியிலயும் வரல. இதுக்கப்புறம் டெனோசுமாப், ரோமோசோசுமாப்னு வாயில நுழையாத ஊசிகள் வந்திருக்கு, அதுக்குள்ள போகல. ஒண்ணு மட்டும்: டெனோசுமாபை டாக்டரைக் கேக்காம நடுவுல நிறுத்தினா எலும்பு சரசரன்னு இறங்கும்.

நம்ம ஊர் நிலவரம்? "நமக்கென்ன, வெயில் கொளுத்துது, வைட்டமின் டி தானா வரும்"னு நானும் பேசியிருக்கேன். 2000-ல டெல்லி எய்ம்ஸ் ஆளுங்க ஆரோக்கியமானவங்களையே அளந்து பார்த்து அந்தக் கதைக்கு ஆப்பு வெச்சாங்க, பெரும்பாலானவங்களுக்குப் பற்றாக்குறை. 2008-ல வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் மாதவிடாய் நின்ன 150 பெண்களைப் பார்த்தாங்க. நல்லா நடமாடிட்டு இருந்தவங்க. பாதிப் பேர் போல அந்த மைனஸ் 2.5 கோட்டுக்குக் கீழ. சாப்பாட்டுல ஒரு நாளைக்குக் கிடைச்ச கால்சியம் 400 மில்லிகிராமை ஒட்டித்தான். நம்ம ஐ.சி.எம்.ஆர். 2020-ல இந்த வயசுப் பெண்களுக்குச் சொன்ன அளவு 1,200. வெள்ளைக்காரப் பெண்ணை வெச்சுப் போட்ட கோட்டுல நம்ம சின்ன உடம்புப் பெண்களை நிறுத்துறது நியாயமாங்கிற கேள்வி இருக்கத்தான் செய்யுது. ஆனா 400-க்கும் 1,200-க்கும் நடுவுல இருக்கிற பள்ளத்துக்கு எந்தக் கோடும் வேண்டாம். கேழ்வரகு நூறு கிராம்ல 350 மில்லிகிராம் போல இருக்கு. அதைக் கஷ்டகாலத்துச் சாப்பாடுன்னு ஒதுக்கினது நம்ம முந்தின தலைமுறை, இப்ப மால்ல நாலு மடங்கு விலைக்கு வாங்கறது நாம. எலும்போட கையிருப்பு உச்சத்துக்கு வர்றது முப்பது வயசு வரைக்கும்தான். அதாவது எனக்கு இன்னும் ரெண்டு வருஷம். ஏசி ரூம்ல உக்காந்து தட்டிட்டிருக்கேன், அவ்வ்வ்.

அம்மாவை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. "ஏல, கட்டுப் பிரிச்சாச்சு, கை நல்லாருக்கு, இனி என்னத்துக்கு துட்டைக் கரைக்க? வயசானா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்." அந்த வார்த்தையைக் கேட்டதும் கோவம் வந்துச்சு. ஆல்பிரைட் கதையைச் சொன்னேன், புறாக் கதையைச் சொன்னேன், ஒண்ணும் வேலைக்காகல. கடைசியில ஆச்சியோட கல்யாண போட்டோவைக் காட்டி, "ஆச்சி எவ்ளோ உசரம் பாரும்மா"ன்னேன். கொஞ்ச நேரம் பேசாம பார்த்துட்டு, "எப்ப போகணும்?"னு கேட்டாங்க.

முதுகெலும்பு மைனஸ் 2.8. வைட்டமின் டி-யும் கம்மி. முதல்ல அதைச் சரி பண்ணிட்டு, வாரத்துக்கு ஒரு அலெண்ட்ரோனேட் எழுதிக் குடுத்தார் டாக்டர். பல்லை ஒருதடவை காட்டச் சொன்னார், தினமும் நடக்கச் சொன்னார், குளியலறையில பிடிச்சுக்கக் கம்பி போடச் சொன்னார். அந்தக் கம்பியை நானே அளவெடுத்து மாட்டினேன். டிகிரி வாங்கி நான் செஞ்ச ஒரே சிவில் வேலை.

மாத்திரையை ஞாயித்துக்கிழமை காலையில வெறும் வயித்துல ஒரு டம்ளர் நிறைய பச்சைத் தண்ணியோட முழுங்கணும். அரைமணி நேரம் படுக்கவும் கூடாது, ஒண்ணும் சாப்பிடவும் கூடாது. காபி கூடாது. ஆறு மணிக்கு டாண்ணு போன் வரும். "ஏல, முழுங்கிட்டேன். இன்னும் எத்தன நிமிசம் இருக்கு? அந்த சுவிட்சர்லாந்துக்காரன் காபியே குடிக்க மாட்டானா?"

இருபத்தெட்டு நிமிஷம்னு சொல்லிட்டு, அது முடியிற வரைக்கும் பேசிக்கிட்டிருப்பேன்.